பீப்பாயும் பங்குச் சந்தையும்



மானே என்னும் பிரெஞ்சு ஓவியர் 1882ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த ஓவியம் ஒன்று இப்போது இலண்டன் மாநகரில் கோர்ட்டோல்டு கலைக்கூடத்தில் இருக்கிறது. பாரிஸ் நகரத்துக் கேளிக்கை அரங்கு ஒன்றில், பரிமாறும் மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவள் முகத்தில் களைப்புத் தெரிகிறது. மேசையின் மேல் பழங்களும் மலர்களும் பலவகைப் புட்டிகளும் உள்ளன. அவற்றுள் சில புட்டிகளின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு முக்கோணம் காணப்படும். அவ்வோவியத்தின் அச்சுப்படியை நான் ஒருமுறை வகுப்பில் காட்டியபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, அந்த முக்கோணம் எதற்கு?" என்று கேட்டாள். "அது ஒரு பீர் கம்பெனியின் அடையாளம், அம்மா" என்று கூறிவிட்டு மேலே சென்றேன். வினா பெரிது, நான் தந்த விடையோ சிறிது. அந்தக் கடனை இன்று அடைக்க எண்ணுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடல் வேண்டும். மதுவின் பெருமையைப் பாட நான் வரவில்லை. எனக்கு அப்பழக்கம் இல்லை; பீரின் சுவையை நான் அறியேன். "சுவை அறியாதவர், சுவை கெட்ட கதையை எவ்வாறு சொல்லுவார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அசோகன் ஆட்சியில் நாம் வாழ்ந்ததில்லை. கல்வெட்டைக் கொண்டு அவனை அறிகிறோம். அதுபோலவே பீருக்கும் ஆவணங்கள் உண்டு. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எவ்வளவு தானியம், எவ்வளவு பூ, எத்தனை நாழிகை என்று எழுதிவைத்த ஆலைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. மேலும், 1880 முதல் 1993 வரை பிரிட்டிஷ் அரசினர், சாறு நொதிப்பதற்கு முன் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை அளந்தே வரி விதித்தனர். நாக்கு மறந்ததை வரிக்கணக்கு மறப்பதில்லை.

பீர் செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் இட்டால் இனிய சாறு இறங்கும். ஹாப் என்னும் கொடியின் பூவை அதில் இட்டுக் காய்ச்சுவர். கசப்பும் மணமும் அப்பூவினால் வருவன. பீர் விரைவில் கெடாதபடி காப்பதும் அதுவே. ஆறிய சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்தால் அது நொதிக்கும். நம் வீட்டில் மாவு புளித்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

இதுவரை எந்நாட்டுக்கும் பொது. பிரிட்டனின் மரபுக்கே உரிய சிறப்பு இதற்குப் பின் வருகிறது. அங்கே பீர் ஆலையை விட்டுப் புறப்படும்போது முடிந்துபோன பண்டம் அன்று. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அதைப் பீப்பாயில் அடைத்து மதுவிடுதிக்கு அனுப்புவர். விடுதியின் நிலவறையில் அது மறுபடியும் மெல்ல நொதித்துத் தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வண்டல் படிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒருவகைப் பசையைச் சேர்ப்பர். தெளிந்தபின் கைப்பம்பினால் இறைத்து, நிலவறைக் குளிர்ச்சியோடு பரிமாறுவர். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்ந்தாக வேண்டும்; இல்லையேல் காற்றுப்பட்டுப் புளித்துவிடும். ஆகவே ஒரு குவளை நல்ல பீரில் இருவருடைய கைத்திறன் கலந்திருந்தது. ஆலையில் காய்ச்சியவர் ஒருவர். நிலவறையில் பேணியவர் மற்றொருவர். இந்த இரண்டாமவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் முதலில் மறைகிறவர் அவரே.

இனி முக்கோணத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டிரென்ட் ஆற்றங்கரையில் பர்ட்டன் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. வெளிறிய நிறமும் தெளிந்த கசப்பும் உடைய பீருக்கு அந்நீர் மிக ஏற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளையருக்குக் கப்பலில் பீர் வந்துகொண்டிருந்தது. முதலில் இலண்டனைச் சேர்ந்த ஹாட்ஜ்சன் குடும்பத்தாரே அவ்வாணிகத்தில் ஓங்கி இருந்தனர். 1820களில் பர்ட்டனைச் சேர்ந்த ஆல்சாப், பாஸ் ஆகிய ஆலைகள் அதில் புகுந்து அவர்களை வென்றன. 'இந்தியா பேல் ஏல்' என்னும் பெயர் அவ்வாணிகத்தின் நினைவாக நிலைத்தது. இங்கிலாந்தில் வாணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1875இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டின் முதல் நாளில், முதல் எண்ணில் பதிவான குறி பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். பாரிஸ் நகரத்து மேசையில் மானே கண்டது அதைத்தான்.

பர்ட்டன் ஊரார்க்கு நீர் மட்டுமன்றி வேறொரு செல்வமும் இருந்தது. வரிசை வரிசையாக ஓக் மரப்பீப்பாய்களை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அன்னக் கழுத்துப்போல் வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்துவர். நொதிக்கும்போது பொங்கும் ஈஸ்ட் அக்குழாய் வழியே ஏறி, மேலே உள்ள தொட்டியில் விழும். அதனோடு சென்ற பீர் மட்டும் மீண்டும் பீப்பாய்க்குள் இறங்கும். இவ்வமைப்புக்குப் 'பர்ட்டன் யூனியன்' என்று பெயர். இடம் அடைப்பது, செலவு மிக்கது, கழுவிப் பேணக் கூப்பர் எனப்படும் பீப்பாய்த் தச்சர் வேண்டும். ஆயினும் ஈஸ்டின் தூய்மைக்கு அது நல்லது என்று கண்டு, பல்லாண்டு விடாமல் வைத்திருந்தனர்.

அக்காலத்து ஆலை முதலாளிகள் தருமவான்கள் அல்லர். ஆனால் தம் பெயர் ஒட்டிய பண்டத்தில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. 1871இல் பாஸ்டர் இலண்டனில் விட்பிரெட் ஆலைக்கு வந்து அங்குள்ள ஈஸ்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்; அவர் சென்ற சில நாளில் அவ்வாலையார் தாமும் ஒரு நுண்ணோக்கி வாங்கினர். டப்ளினில் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய கோசெட் என்பவர், சிறிய எண்ணிக்கையில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு முடிவு காணும் கணக்கு முறையை 1908இல் வெளியிட்டார். கம்பெனியின் விதிக்கிணங்கத் தம் பெயரை மறைத்து, 'மாணவன்' என்னும் பொருள்படும் புனைபெயரை வைத்துக்கொண்டார். புள்ளியியல் பயிலும் மாணவர் இன்றும் படிக்கும் 't' சோதனை, பீர் ஆலை ஒன்றில் பிறந்தது என்பதை அறிந்துகொள்க.

இத்தகைய தொழில் எவ்வாறு சரிந்தது? அதன் விதை பீரில் இல்லை, கட்டடத்தில் இருந்தது. 'பப்' என்று ஆங்கிலேயர் வழங்கும் மதுவிடுதிகளை ஆலைகளே விலைக்கு வாங்கி வாடகைக்கு விடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அவ்விடுதியில் குடியிருப்பவர் உடைமையாளரின் பீரை மட்டுமே விற்க வேண்டும். 1886இல் கின்னஸ் கம்பெனி பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றுப் பெரும்பணம் திரட்டியது. அதைக் கண்ட பிற ஆலைகளும் பங்குச் சந்தைக்குச் சென்று, வந்த பணத்தைக் கொண்டு போட்டி போட்டு விடுதிகளை வாங்கின. ஊர்தோறும் முக்கியமான தெருமூலைகள் ஆலைகளின் சொத்தாயின. இதில் அப்போது ஒரு நன்மையும் இருந்தது. சிற்றூர் ஆலைக்கும் தன் சரக்கு விலைபோகும் என்னும் உறுதி கிடைத்தது. ஆனால், ஆலையை வாங்குபவன் நூற்றுக்கணக்கான மனைகளையும் சேர்த்து வாங்குகிறான் என்பதை எவரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் 1959இல் தோன்றினார். சார்லஸ் குளோர் என்பது அவர் பெயர். செருப்புக் கடைகள் பலவற்றை உடைய சியர்ஸ் என்னும் கம்பெனியின் தலைவர். கணக்கேட்டில் பழைய விலைக்கு எழுதப்பட்டுக் கிடக்கும் நிலத்தையும் கட்டடத்தையும் தேடிக் கண்டு, அவற்றை வைத்திருக்கும் கம்பெனியை வளைத்து வாங்குவது அவர் வழக்கம். அவர் கண் இலண்டனின் வாட்னி மான் ஆலைமீது விழுந்தது. அவ்வாலையார் எதிர்த்து நின்றனர்; குளோர் பின்வாங்கினார். ஆனால் அவர் காட்டிய வழி மறையவில்லை. அதே காலத்தில் வாட்னியார் இலண்டன் நடுவிலிருந்த தம் பழைய ஸ்டாக் ஆலையை மூடினர். அவ்விடத்தில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழும்பின. காய்ச்சுவதைவிடக் காலிமனை அதிகம் தரும் என்பதைப் பீர் ஆலைகளின் பங்குதாரர் அனைவரும் கண்ணாரக் கண்டனர்.

அதன்பின் அச்சம் தொழில் முழுவதையும் பிடித்தது. வெளியார் விழுங்குமுன் நாமே ஒன்றாகிவிடுவோம் என்று ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. கனடாவிலிருந்து வந்த ஈ. பி. டெய்லர் என்பவர், தம் கார்லிங் என்னும் லாகர் பீரை விற்க விடுதிகள் வேண்டி, வடநாட்டு ஆலைகளை வரிசையாக வாங்கினார். விட்பிரெட் தலைவர் சிறிய ஆலைகளின் பங்குகளில் ஒரு பகுதியை வாங்கி, "எம் குடையின்கீழ் இருங்கள், அயலார் அணுகமாட்டார்" என்று ஆதரவு காட்டினார். குடையின்கீழ் நின்றவர் பலர் நாளடைவில் குடை பிடித்தவருக்கே உரியவர் ஆயினர். 1967இல் பாஸ், சாரிங்டன் கூட்டத்தோடு இணைந்தது. பத்தாண்டுக்குள், பாஸ், அலைடு, விட்பிரெட், வாட்னி, கரேஜ், ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் என்னும் அறுவர் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். 1972இல் வாட்னியை ஓர் ஓட்டல் கம்பெனி வாங்கியது. கரேஜைப் புகையிலைக் கம்பெனி வாங்கியது.

பீர் என்ன ஆயிற்று? இங்கே ஒரு நியாயத்தை மறைக்கலாகாது. பழைய பீப்பாய்ப் பீர் எல்லாம் அமுதம் என்று எண்ணிவிட வேண்டாம். அழுக்கு நிலவறைகளும், மிச்சத்தை மீண்டும் பீப்பாயில் ஊற்றிய விடுதிக்காரர்களும் உண்டு. வடிகட்டி, பாஸ்டர் முறையில் சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி உலோகக் கலத்தில் அடைத்த 'கெக்' பீர், இக்குறைக்கு ஒரு மாற்றாகவே வந்தது. அது எங்கும் ஒரே சுவையாக இருக்கும், வாரக்கணக்கில் கெடாது, நிலவறைத் திறன் எதுவும் வேண்டா. குழாயைத் திருப்பினால் போதும்.

ஆனால் நூறு ஊர்களில் நூறு ஆலைகளை வாங்கிய கம்பெனிக்கு அதன் பயன் வேறாயிற்று. உயிருள்ள பீர் நெடுந்தொலைவு பயணத்தையும் கவனமின்மையையும் தாங்காது. கெக் பீர் தாங்கும். முதல் பெரிய நெடுஞ்சாலையாகிய எம்1 திறக்கப்பட்டதும், குளோர் வாட்னியை வளைத்த அதே 1959ஆம் ஆண்டிலேதான். ஒரே பேராலையில் காய்ச்சி லாரியில் ஏற்றினால் ஊர் ஆலைகளை மூடலாம். மூடினால் அந்த மனைகளை விற்கலாம். விட்பிரெட் 1969இல் லூட்டனில் அந்நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பேராலையை நிறுவியது இவ்வழியில்தான். பண்டம் விடுதிக்கு ஏற்றதாக இருந்த நிலை மாறி, லாரிக்கு ஏற்றதாயிற்று.

நார்விச் நகரத்தைப் பாருங்கள். 1963இல் வாட்னி கம்பெனி, புல்லார்டு, ஸ்டூவர்டு அண்டு பேட்டசன் என்னும் அந்நகரத்தின் இரு பழைய ஆலைகளையும் ஒருங்கே வாங்கியது. நார்போக் மாவட்டத்தின் விடுதிகளுள் மிகப் பல ஒரே கைக்குள் வந்தன. 'ரெட் பேரல்' என்னும் வாட்னியின் கெக் பீர் எங்கும் ஓடியது. 1971இல் அதையும் மாற்றி, 'ரெட்' என்று பெயர் சுருக்கி, புரட்சி என்று விளம்பரம் செய்தனர். வேறு விடுதிக்குப் போகலாம் என்றால் அதுவும் அவர்களுடையதே. நார்விச்சில் அவர்களுடைய கடைசி ஆலையும் 1985இல் மூடப்பட்டது.

எதிர்ப்பு எழாமலில்லை. 1971இல் அயர்லாந்துக்குச் சுற்றுலா சென்ற நான்கு இளைஞர், மேற்குக் கோடியில் டன்குவின் என்னும் சிற்றூரில் அமர்ந்து ஒரு சங்கம் கண்டனர். முதலில் வேடிக்கையாகத் தொடங்கியது. 'காம்ரா' என்னும் பெயரில் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. ஸ்டோன் என்னும் ஊரில் ஜூல் ஆலையைப் பாஸ் கம்பெனி மூடியபோது அவ்வியக்கத்தார் ஊர்வலம் சென்றனர். ஆலை 1974இல் மூடியே போயிற்று. எனினும் நிறைய ஆலைகள் பீப்பாய்ப் பீரை முற்றிலும் கைவிடாமல் காத்தது அவர்கள் குரலே என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

1989இல் அரசாங்கத்தின் தனியுரிமை ஆணைக்குழு, நாட்டின் பீரில் 75 விழுக்காடு அறுவர் கையில் இருக்கிறது என்று அறிவித்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விடுதிகளை உடைய ஆலைகள், அம்மிகுதியில் பாதியை விற்கவோ கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிறிய ஆலைகளுக்கு வழி திறக்கும் என்பது நோக்கம். விளைந்தது வேறு. காய்ச்சும் தொழிலா, மனைகளா, எது வேண்டும் என்று கம்பெனிகள் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை வந்தபோது, அவை எதைத் தேர்ந்தன தெரியுமா? 1742இல் தொடங்கிய விட்பிரெட், 2000ஆம் ஆண்டில் தன் ஆலைகளைப் பெல்ஜிய நாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, ஓட்டல் தொழிலில் நிலைத்தது. பாஸும் அதே ஆண்டில் அதே கம்பெனிக்கு ஆலைகளை விற்று, ஓட்டலும் விடுதியும் நடத்தும் கம்பெனியாயிற்று. பெயர் பீர்க் கம்பெனி. உள்ளம் மனைக் கம்பெனி. நாற்பது ஆண்டுக்கு முன் குளோர் கண்டது இதுதான்.

மாஞ்செஸ்டர் நகரத்தின் பாடிங்டன் ஆலையின் கதை எனக்கு மிக்க வருத்தம் தருவது. 1778இல் தோன்றிய ஆலை. வைக்கோல் நிறமும் கடுங்கசப்பும் அதன் பீருக்கு அடையாளம். 1969-70இல் அலைடு கம்பெனி வாங்க முயன்றபோது அக்குடும்பத்தார் மறுத்து வென்றனர். மாஞ்செஸ்டர் நகரமே அதைப் பெருமையாகக் கருதியது. அதே குடும்பக் கம்பெனி 1989இல் ஆலையை விட்பிரெட்டுக்கு விற்றுவிட்டு விடுதிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது! பழகியவர்கள், கசப்பு குறைந்துகொண்டே வருகிறது என்று விற்பனைக்கு முன்பே முறையிட்டு வந்தார்கள். பின்னர் 'மாஞ்செஸ்டரின் பாலேடு' என்று நாடெங்கும் விளம்பரம் செய்யப்பட்டது, நுரை பெரிதாயிற்று. 2005இல் மாஞ்செஸ்டர் ஆலையே மூடப்பட்டது.

ரட்லண்டு மாவட்டத்தில் ரடில்ஸ் என்றோர் ஆலை. 1986இல் வாட்னியின் உடைமையாளரிடம் சென்றது. 1992இல் டச்சுக் கம்பெனி ஒன்றிடம். 1997இல் மார்லண்டு கம்பெனியிடம். அத்துடன் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 5 விழுக்காடு சாராயச் சத்துடன் இருந்த 'கவுன்டி' பீர், கைமாறிக் கைமாறி 4.3க்கு இறங்கியது. புட்டியில் பெயர் மட்டும் பழையதே. சுவையைப் பற்றி நான் எதுவும் கூறவில்லை, எண்ணைக் கூறுகிறேன்.

எல்லாம் ஒரே திசையில் சென்றுவிடவில்லை. யார்க்ஷயரில் மாஷம் என்னும் ஊரில் தீக்ஸ்டன் ஆலை கைமாறியபோது, அக்குடும்பத்தைச் சேர்ந்த பால் தீக்ஸ்டன் விலகி, 1992இல் அதே ஊரில் 'கறுப்பு ஆடு' என்னும் பெயரில் ஓர் ஆலை தொடங்கினார். ஆங்கிலத்தில் அச்சொல் குடும்பத்துக்கு அடங்காத பிள்ளையைக் குறிக்கும். 2003இல் மற்ற உறவினர் பழைய ஆலையையும் மீட்டனர். லூயிஸ் என்னும் ஊரில் நடந்தது இன்னும் சுவையானது. அவ்வூர் விடுதி ஒன்றை உடைய கிரீன் கிங் கம்பெனி, 2006 டிசம்பரில், அதே ஊரில் காய்ச்சப்படும் ஹார்வி பீரை அங்கு விற்பதை நிறுத்தியது. ஊரார் விடுதிக்குள் நுழையாமல் 133 நாள் வாசலில் நின்றனர். 2007 ஏப்ரலில் கம்பெனி பணிந்து, ஹார்வியின் கைப்பம்பை மீண்டும் பொருத்தியது.

சிவப்பு முக்கோணம் பெல்ஜியக் கம்பெனிக்கு உரியதாகிவிட்டது. பாஸ் ஆலையின் யூனியன் பீப்பாய்கள் 1980களின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டன. பர்ட்டன் ஊரில் அவ்வமைப்பை விடாமல் வைத்திருந்தது மார்ஸ்டன் ஆலை ஒன்றே. அதுவும் 2020இல் கார்ல்ஸ்பெர்க் என்னும் டென்மார்க் கம்பெனியோடு இணைந்தது. 2024இல், இனி யூனியன் பீப்பாய்களைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தனர். அவற்றுள் ஒரு தொகுதியைப் பேக்வெல் ஊரில் உள்ள தார்ன்பிரிட்ஜ் என்னும் சிறிய ஆலையார் கேட்டுப் பெற்றனர். பல ஆண்டு உழைத்த ஓக் பீப்பாய்களையும் வளைந்த குழாய்களையும் கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், மீண்டும் பொருத்தினர். அவ்வாண்டிலேயே அவற்றில் பீர் நொதிக்கத் தொடங்கியது.